பிறர்நலத் தண்டனை

பிறர்நலத் தண்டனை என்பது, ஒரு குழுவின் பொது நெறியை மீறியவரை, தனக்குச் செலவு ஏற்பட்டாலும், அதனால் தனக்கு நேரடி ஆதாயம் எதுவும் கிட்டாவிட்டாலும், ஒருவர் தண்டிக்க முன்வருவதைக் குறிக்கும் கலைச்சொல் ஆகும். நடத்தைப் பொருளியல், உளவியல், நரம்பியல், மானிடவியல் ஆகிய துறைகள் இதனை ஆராய்கின்றன. தண்டிப்பவர் இழக்கிறார், பயனோ குழுவின் மற்ற உறுப்பினர்களுக்குச் செல்கிறது. இதனாலேயே "பிறர்நலம்" என்னும் அடைமொழி வழங்கப்படுகிறது. தண்டிப்பவர் பிறர் நலம் கருதியே அவ்வாறு செய்கிறார் என்பது இதன் பொருளன்று. பெரும்பாலும் அவரை உந்துவது சினமே.

2000-களின் தொடக்கத்திலிருந்து மேற்கொள்ளப்பட்ட மூளைப் படிம ஆய்வுகள், நியாயமின்மையை உணர்வது, தண்டிப்பதில் நிறைவு காண்பது, தன்னல ஆசையை அடக்குவது ஆகியவற்றில் மூளையின் வெவ்வேறு பகுதிகள் பங்கேற்பதைக் காட்டியுள்ளன. எனினும், தண்டிக்கும் உந்துதல் மனிதரிடம் இருப்பதால் மட்டும் ஒரு நெறி நிலைத்துவிடுவதில்லை. தண்டிப்பதற்கான செலவை யார் ஏற்பது என்பதற்கு விடை காணும் குழுக்களிலேயே அது நிலைக்கிறது. தமிழ்நாட்டில் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகத் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலையும் நொய்யல் ஆற்றையும் கூறலாம்.

அடிப்படைக் கருத்து

சமூக நெறி என்பது ஒரு குழுவில் பெரும்பாலோர் பின்பற்றும், மற்றவரும் பின்பற்ற வேண்டும் என எதிர்பார்க்கும் நடத்தை விதி ஆகும். மீறுபவருக்கு ஏதேனும் ஒரு விளைவு இருந்தால்தான் அவ்விதி உயிருடன் இருக்கும். முகம் சுளித்தல், பேச்சை நிறுத்துதல், ஒதுக்கி வைத்தல், அபராதம், சிறை என அவ்விளைவு பல வடிவங்களை எடுக்கும்.

தண்டனை இரு வகைப்படும். பாதிக்கப்பட்டவரே தண்டித்தால் அது இரண்டாம் தரப்புத் தண்டனை. பாதிப்பு எதுவும் இல்லாத பார்வையாளர் தண்டித்தால் அது மூன்றாம் தரப்புத் தண்டனை. நீதிமன்றம், காவல்துறை, ஊர்ப் பஞ்சாயத்து ஆகியவை மூன்றாம் தரப்புத் தண்டனையின் நிறுவன வடிவங்கள் ஆகும்.

நியாயவிலைக் கடை வரிசையில் ஒருவர் குறுக்கே நுழைகிறார் எனக் கொள்வோம். அவரைத் தட்டிக் கேட்பவர் வசையையும் சில வேளை அடியையும் பெறலாம். ஆனால் அவர் கேட்டதன் பயன் வரிசையில் நிற்கும் அனைவருக்கும் கிடைக்கிறது. எனவே "வேறு யாராவது கேட்கட்டும்" என்று அமைதியாக இருப்பதே ஒவ்வொருவருக்கும் இலாபம். எல்லோரும் அவ்வாறே இருந்துவிட்டால் வரிசை குலையும். தண்டிக்கும் பொறுப்பிலிருந்து நழுவும் இப்போக்கு இரண்டாம் நிலைச் சிக்கல் எனப்படும். தண்டனை முறையே ஒரு பொதுச் சொத்து என்பதையும், அதற்கும் யாரேனும் பங்களிக்க வேண்டும் என்பதையும் 1986-இல் யப்பானிய சமூக உளவியலாளர் தோஷியோ யமகிஷி ஆய்வுக்கு உட்படுத்தினார்.

ஆய்வு ஆட்டங்கள்

இத்துறையின் ஆய்வுகள் பெரும்பாலும் ஆட்டக் கோட்பாட்டிலிருந்து பெறப்பட்ட எளிய ஆட்டங்களைக் கொண்டு, உண்மைப் பணம் வைத்து நடத்தப்படுகின்றன.

இறுதி முன்மொழிவு ஆட்டம்

இதனை 1982-இல் செருமனியின் வெர்னர் கூத், ரோல்ஃப் ஷ்மிட்பெர்கர், பெர்ன்ட் ஷ்வார்ட்சே ஆகியோர் அறிமுகப்படுத்தினர். முதலாமவரிடம் 100 ரூபாய் கொடுக்கப்படுகிறது. அவர் ஒரு பங்கை இரண்டாமவருக்கு முன்மொழிய வேண்டும். இரண்டாமவர் ஏற்றால் இருவரும் அவ்வாறே பிரித்துக்கொள்வர். மறுத்தால் இருவருக்கும் ஒன்றும் இல்லை. பேரம் பேச இடமில்லை.

தன்னலத்தை மட்டும் கணக்கிடுபவர் 1 ரூபாயைக் கூட ஏற்க வேண்டும், ஏனெனில் அது பூச்சியத்தை விடக் கூடுதல். ஆனால் பல நாடுகளில் நடந்த சோதனைகளில், முன்மொழிபவர்கள் பொதுவாக 40 முதல் 50 விழுக்காடு வரை கொடுக்க முன்வந்தனர். 20 விழுக்காட்டுக்கும் குறைந்த பங்குகளில் ஏறத்தாழப் பாதி மறுக்கப்பட்டன. மறுப்பவர் தம் பணத்தை இழந்து, பேராசைக்காரரின் பணத்தையும் இழக்கச் செய்கிறார். இம்மறுப்பே அவர் அளிக்கும் தண்டனை ஆகும்.

பொதுநிதி ஆட்டம்

நான்கு சாயப்பட்டறைகள் சேர்ந்து ஒரு பொது சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதாக எண்ணினால் இவ்வாட்டம் எளிதில் விளங்கும். நால்வரிடமும் தலா 20 அலகுகள் உள்ளன. பொதுநிதியில் இடப்படும் தொகை 1.6 மடங்காகி, நால்வருக்கும் சமமாகப் பிரிக்கப்படுகிறது.

* நால்வரும் 20 இட்டால்: பொதுநிதி 80, அது 128 ஆகிறது, ஒவ்வொருவருக்கும் 32.
* மூவர் இட்டு ஒருவர் இடாவிட்டால்: பொதுநிதி 60, அது 96 ஆகிறது, ஒவ்வொருவருக்கும் 24. இடாதவரிடம் முன்பிருந்த 20-உம் சேர்ந்து 44.
* ஒருவரும் இடாவிட்டால்: ஒவ்வொருவரிடமும் அதே 20.

ஆக, எல்லோரும் இடுவது குழுவுக்கு நல்லது. இடாமல் இருப்பது தனியாளுக்கு நல்லது. இவ்வாட்டம் பல சுற்றுகள் தொடரும்போது, பங்களிக்காமல் பயன்பெறுவோரைக் கண்டு மற்றவர்களும் கைச்சுருக்கம் கொள்ள, பொதுநிதி படிப்படியாக வற்றிப்போகிறது.

எர்ன்ஸ்ட் ஃபேர், சைமன் கெஹ்டர் ஆகியோர் 2000, 2002 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில் ஒரு புதிய விதியைச் சேர்த்தனர். 2002 ஆய்வில் ஒருவர் தம்முடைய 1 அலகைச் செலவிட்டு மற்றொருவரின் 3 அலகுகளைக் குறைக்கலாம். மேற்கண்ட எடுத்துக்காட்டில் மூவரும் தலா 3 அலகுகள் செலவிட்டால், நிதி இடாதவர் 27 இழந்து 17-இல் நிற்பார். தண்டித்தவர்களிடம் 21 இருக்கும். ஏமாற்றியவர் இப்போது பின்தங்கிவிடுகிறார்.

2002 ஆய்வில் 240 மாணவர்கள் கலந்துகொண்டனர். எவரும் ஒரே நபரை இரண்டாம் முறை சந்திக்காதவாறு சுற்றுதோறும் குழுக்கள் மாற்றியமைக்கப்பட்டன. எனவே தண்டித்தவருக்குப் பின்னாளில் பலன் திரும்ப வழியே இல்லை. ஆயினும் பெரும்பாலோர் தண்டித்தனர், பங்களிப்பும் உயர்ந்தது. பங்களிக்காதவர் மீது கொண்ட சினமே காரணம் என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தனர்.

மூளையில் நிகழ்வது

நியாயமின்மையை உணர்தல்

மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் மறைந்துள்ள இன்சுலா என்னும் பகுதி, வலி, அருவருப்பு போன்ற உடல்சார் உணர்வுகளில் பங்கேற்கிறது. 2003-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆலன் சான்ஃபேயும் உடன் ஆய்வாளர்களும், செயற்பாட்டுக் காந்த அதிர்வுப் படிமக் கருவிக்குள் 19 பேரைப் படுக்கவைத்து இறுதி முன்மொழிவு ஆட்டத்தை ஆடச் செய்தனர். 10 டாலரில் 1 அல்லது 2 டாலர் மட்டும் முன்மொழியப்பட்டபோது இன்சுலாவின் முன்பகுதி கூடுதலாகச் செயற்பட்டது. அச்செயற்பாடு மிகுந்த வேளைகளில் மறுப்பும் மிகுந்தது. அதே தொகையைக் கணினி முன்மொழிந்ததாகக் கூறப்பட்டபோது மறுப்புக் குறைந்தது. குறைந்த தொகையைக் காட்டிலும், ஒரு மனிதர் தன்னை அவ்வாறு நடத்தினார் என்பதே அவர்களை மறுக்கத் தூண்டியது எனலாம்.

தண்டிப்பதில் நிறைவு

2004-இல் சூரிக்கில் டொமினிக் டி குவெர்வைன் குழுவினர், நம்பிக்கையை முறித்தவரைத் தண்டிக்க முடிவெடுக்கும் ஆண்களின் மூளையைப் பாசிட்ரான் உமிழ்வு வரைவி கொண்டு ஆராய்ந்தனர். வெகுமதியை எதிர்பார்க்கும்போது இயங்கும் வாலுருக் கரு என்னும் பகுதி இம்முடிவின்போதும் இயங்கியது. அதன் இயக்கம் மிகுந்தவர்கள், தண்டிப்பதற்காகக் கூடுதல் தொகையை இழக்கவும் முன்வந்தனர். "நல்லா வேணும்" என்று மனம் நிறைவுறும் நிலைக்கு நரம்பியல் அளித்த சான்றாக இவ்வாய்வு கருதப்படுகிறது.

ஆசையை அடக்குதல்

நெற்றிக்குப் பின்னால் அமைந்த முன்நுதற் புறணி, திட்டமிடல், தன்னடக்கம் ஆகியவற்றுடன் தொடர்புடையது. 2006-இல் டாரியா நாக் என்பவரும் குழுவினரும் இதன் வலப்புறப் பக்கவாட்டுப் பகுதியைத் தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்புகள் கொண்டு தற்காலிகமாகத் தளர்த்தினர். அந்நிலையில் பங்கேற்பாளர்கள் நியாயமற்ற பங்குகளை அதிக அளவில் ஏற்றனர். குறிப்பிடத்தக்கது யாதெனில், அப்பங்கு நியாயமற்றது என்றே அவர்கள் அப்போதும் கூறினர். அநியாயம் என அறிவதும், அறிந்தபடி நடப்பதும் வேறு வேறு என்பதை இவ்வாய்வு காட்டியது.

இதற்கு மாறாக, முன்நுதற் புறணியின் கீழ்நடுப் பகுதி பழுதுற்ற நோயாளிகள் நியாயமற்ற பங்குகளை மற்றவர்களை விட அதிகமாக மறுத்தனர் என்பதை 2007-இல் மைக்கேல் கோனிக்ஸ், டேனியல் டிரேனல் ஆகியோர் கண்டறிந்தனர். செரோட்டோனின் என்னும் நரம்புக் கடத்தியின் அளவை உணவு வழியாகக் குறைத்தபோதும் மறுப்பு மிகுந்ததை 2008-இல் மோலி குரோக்கெட் குழுவினர் வெளியிட்டனர். எனவே மறுப்பு என்பது எப்போதும் உறுதியான தன்னடக்கத்தின் வெளிப்பாடு என்றோ, எப்போதும் கட்டுக்கடங்காச் சினம் என்றோ கூறிவிட முடியாது.

நெறிக்குப் பணிதல்

2013-இல் கிறிஸ்டியன் ரஃப், கியூசெப்பே உகாசியோ, எர்ன்ஸ்ட் ஃபேர் ஆகியோர் வலப்பக்க முன்நுதற் புறணியில் மெல்லிய மின்னோட்டம் செலுத்தி ஆராய்ந்தனர். அப்பகுதியின் செயற்பாட்டை உயர்த்தியபோது, தண்டனை அச்சம் உள்ள சூழலில் மக்கள் கூடுதலாகப் பகிர்ந்தனர். தண்டனை இல்லாச் சூழலில் முன்னிலும் குறைவாகப் பகிர்ந்தனர். எது நியாயம் என்பது குறித்த அவர்களின் கருத்தில் மாற்றமில்லை. தண்டனைக்கு அஞ்சி ஒழுங்காக நடப்பதும், தானாக ஒழுங்காக நடப்பதும் மூளையில் ஒரே வழியில் நிகழ்வன அல்ல என்பது இதனால் தெரியவருகிறது.

இந்தியாவில் ஆய்வுகள்

* வடகிழக்கு இந்தியச் சிற்றூர்களில் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், இறுதி முன்மொழிவு ஆட்டத்தின் தொகை 20 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய் வரை உயர்த்தப்பட்டது. தொகை உயர உயர மறுப்புக் குறைந்து, மிக உயர்ந்த தொகையில் ஏறத்தாழ மறைந்தே போனது. மறுப்பின் விலை வாழ்வாதார அளவை எட்டும்போது சினம் அடங்கிவிடுகிறது.
* கார்லா ஹாஃப், மயூரேஷ் க்ஷேத்ரமாடே, எர்ன்ஸ்ட் ஃபேர் ஆகியோர் உத்தரப் பிரதேசத்தில் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தம் சாதியினருக்குத் தீங்கிழைத்தவரைத் தண்டிக்க உயர் சாதியினர் அதிகமாகவும், ஒடுக்கப்பட்ட சாதியினர் குறைவாகவும் முன்வந்தனர். எதிர்த்துக் கேட்டால் அடி விழும் எனப் பல தலைமுறையாகக் கற்ற சமூகத்தில், தண்டிக்கும் விருப்பமே குறைந்திருக்கக்கூடும்.
* ஒடிசாவில் எமிலி பிரேசா, சுப்ரீத் கவுர், நந்திதா கிருஷ்ணசாமி ஆகியோர் 2010-களில் நடத்திய ஆய்வில், ஊர்க் கூலியை விடக் குறைந்த கூலிக்கு வேலை தருவதாகத் தொழிலாளரிடம் கூறப்பட்டது. தனியே கேட்டபோது சிலர் ஏற்றனர். ஊரார் அறியக் கேட்டபோது ஏற்பு வெகுவாகக் குறைந்தது. கூலியைக் கெடுத்தவரைத் தண்டிப்பதற்குத் தம் பணத்தை இழக்கவும் சக தொழிலாளர்கள் முன்வந்தனர்.

திருப்பூர்: ஓர் எடுத்துக்காட்டு

திருப்பூரில் ஒரு பனியன் உருவாவதற்கு நூல், பின்னல், சலவை, சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எனப் பல படிகள் உண்டு. இவற்றுள் பல, தனித்தனிப் பட்டறைகளில் ஜாப் ஒர்க் முறையில் நடைபெறுகின்றன. ஆயிரக்கணக்கான சிறு நிறுவனங்கள் ஒரே ஆற்றையும் ஒரே தொழிலாளர் கூட்டத்தையும் சார்ந்துள்ளதால், "எல்லோரும் பங்களிக்கட்டும், நான் மட்டும் நழுவுகிறேன்" என்னும் சிக்கல் இங்கு இயல்பாகவே எழுகிறது.

கூலியும் மறுப்பும்

1984-இல் பஞ்சப்படி கோரித் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வேலைநிறுத்தத்தை இறுதி முன்மொழிவு ஆட்டத்தின் மறுப்புடன் ஒப்பிடலாம்: தொழிலாளி கூலியை இழக்கிறார், முதலாளி உற்பத்தியை இழக்கிறார். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தனியொரு தொழிலாளி மறுத்தால் அவர் இடத்தில் மறுநாளே வேறொருவர் அமர்வார். சங்கமாக மறுக்கும்போதுதான் அம்மறுப்பு தண்டனையாகிறது. மறுப்பின் செலவைப் பகிர்வதும், இடையில் வேலைக்குச் செல்பவரைத் தடுப்பதும் தொழிற்சங்கத்தின் பணிகள் ஆகின்றன. அதாவது இரண்டாம் நிலைச் சிக்கலுக்குச் சங்கம் ஒரு விடை ஆகும். திருப்பூரில் கூலி உயர்வு, முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்துகொள்ளும் ஒப்பந்தத்தின் வழியே முடிவாகிறது.

மறுப்பின் விலையை உயர்த்தி அதனைத் தடுக்கும் ஏற்பாடுகளும் உண்டு. மேற்குத் தமிழ்நாட்டின் நூற்பாலைகளில் பரவலாக விமர்சிக்கப்பட்ட சுமங்கலித் திட்டம் இவ்வகையினது. இதில் இளம்பெண்களுக்கு உரிய ஊதியத்தின் ஒரு பகுதி, ஏறத்தாழ மூன்றாண்டு ஒப்பந்தம் முடிந்த பின்னரே திருமணச் செலவுக்கான மொத்தத் தொகையாக வழங்கப்பட்டது. இடையில் விலகுபவர் அத்தொகையை இழக்க நேர்ந்தது.

நொய்யல் ஆறு

வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல், கோயம்புத்தூர், திருப்பூர் வழியாகச் சென்று காவிரியில் கலக்கிறது. பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற உப்பு பெருமளவில் தேவைப்படுகிறது. சாயப்பட்டறைக் கழிவுநீரில் நிறத்தை நீக்குவது ஓரளவு எளிது. கரைந்த உப்பை நீக்குவதே கடினமும் செலவும் மிக்கது. கழிவுநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் கூடாது என்பது விதி. அதனை மதிப்பவர் செலவால் நலிவார். இரவில் ஓடையில் திறந்துவிடுபவர் மலிவாகச் சாயமிட்டு ஆர்டரைப் பெறுவார். பொதுநிதி ஆட்டத்தில் 44 அலகு பெறுபவரின் நிலை இதுவே.

பாசனத்திற்காகக் கட்டப்பட்டு 1992-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவுநீரின் தேக்கமாக மாறியது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பேறின. கீழ்மடை உழவர்களின் பயிர் பாதிக்கப்பட்டது. ஆய்வக ஆட்டத்திலிருந்து இந்நிலை ஒரு முக்கியக் கூறில் வேறுபடுகிறது: இழப்புற்றவர்கள் ஆட்டத்துக்கு வெளியே இருந்தனர். பட்டறைகளின் பங்கைக் குறைக்கும் எந்தக் கருவியும் உழவர்களிடம் இல்லை. எனவே அவர்கள் மூன்றாம் தரப்பான நீதிமன்றத்தை நாடினர்.

* 1990-களில் வழக்குகள் தொடங்கின. பொது சுத்திகரிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டன. ஆனால் அவை உப்பை நீக்கவில்லை.
* 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், பூஜ்ய வெளியேற்ற முறைக்கு மாறக் காலக்கெடு விதித்து, அதுவரை வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 காசில் தொடங்கி ஏறிச்செல்லும் அபராதம் விதித்தது. நாளொன்றுக்கு 1 இலட்சம் லிட்டர் வெளியேற்றும் பட்டறைக்கு இது தொடக்கத்தில் நாளுக்கு 6,000 ரூபாய் ஆகும்.
* 2009 அக்டோபர் 6 அன்று, நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கத்துக்கு எதிராகச் சாயப்பட்டறை உரிமையாளர்கள் சங்கம் தொடர்ந்த மேல்முறையீட்டில், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்னும் கொள்கையை உச்சநீதிமன்றம் உறுதி செய்தது.
* 2011 சனவரி 28 அன்று, ஆணைகள் நிறைவேறாததைக் கண்ட உயர்நீதிமன்றம், 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. பூஜ்ய வெளியேற்றத்தை நிறுவிய பின்னர் அவை படிப்படியாகத் திறக்கப்பட்டன.

அபராதம் விலையாக மாறிவிடும் இடர் இங்கு கவனிக்கத்தக்கது. 2000-இல் யூரி நீசி, ஆல்டோ ருஸ்திகினி ஆகியோர் வெளியிட்ட ஆய்வின்படி, இசுரேலியக் குழந்தைகள் காப்பகங்களில் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சிறு அபராதம் விதித்தபோது தாமதம் கூடியது. குற்றமாக எண்ணியதைப் பெற்றோர் கட்டணமாக எண்ணத் தொடங்கினர். சுத்திகரிப்புச் செலவை விட அபராதம் குறைவாக இருந்தால் பட்டறைகளுக்கும் இதே கணக்கு தோன்றும்.

2011 மூடல் ஆணை இதற்கு நேர்மாறான சிக்கலைக் கொண்டது. அது மீறியவரையும் முயன்றவரையும் ஒருசேர நிறுத்தியது. மாசுக்குப் பொறுப்பில்லாத தொழிலாளர்களும் வேலை இழந்தனர். சாயமிடும் வேலையின் ஒரு பகுதி பிற ஊர்களுக்கும் அனுமதியற்ற கொட்டகைகளுக்கும் நகர்ந்தது. அதே வேளையில், ஒரு பொது சுத்திகரிப்பு நிலையத்தின் உறுப்பினர்கள் அனைவரும் ஒன்றாகவே மூடப்படுவர் என்னும் நிலை, பக்கத்துப் பட்டறையைக் கண்காணிப்பதை ஒவ்வொருவரின் சொந்த நலனாகவும் ஆக்கியது. பயனாளரே கண்காணிப்பதும், மீறலின் அளவுக்கேற்பத் தண்டனை படிப்படியாக உயர்வதும் நீடித்த பொது வள அமைப்புகளின் பண்புகள் என்று எலினோர் ஆசுட்ரம் 1990-இல் எழுதியிருந்தார். இவர் 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்.

விமர்சனங்களும் வரம்புகளும்

மூளையின் ஒரு பகுதி இயங்கியதைக் கொண்டு ஒருவரின் உணர்வைத் திட்டவட்டமாக ஊகிக்க இயலாது. இன்சுலா அருவருப்பின்போது மட்டுமன்றி வேறு பல வேளைகளிலும் இயங்குகிறது. ஆய்வுகள் பலவும் மேலைநாட்டு மாணவர்களைக் கொண்டு, சிறு எண்ணிக்கையில் நடத்தப்பட்டவை. ஜோசப் ஹென்ரிக் குழுவினர் பதினைந்து சமூகங்களில் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், தண்டிக்கும் விருப்பம் எங்கும் காணப்பட்டாலும் அதன் அளவு சமூகத்துக்குச் சமூகம் பெரிதும் வேறுபட்டது. 2008-இல் 16 நகரங்களை ஒப்பிட்ட மற்றோர் ஆய்வில், சில இடங்களில் நன்கு பங்களித்தவர்களே தண்டிக்கப்பட்டனர்.

இவற்றினும் அடிப்படையான வரம்பு ஒன்று உண்டு. நெறியைக் காக்கும் உந்துதல், அந்நெறி நியாயமானதா என்பதைக் கூறாது. 2016 மார்ச் 13 அன்று திருப்பூர் மாவட்டம் உடுமலைப்பேட்டையில், சாதி மறுப்புத் திருமணம் செய்த பட்டியல் சாதி இளைஞர் ஒருவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் மனைவியும் தாக்கப்பட்டார். ஊர்விலக்கு, கட்டப் பஞ்சாயத்து, ஆணவக் கொலை ஆகியனவும் மீறியவரைத் தண்டித்து ஒரு நெறியைக் காக்கும் செயல்களே. அங்கு காக்கப்படும் நெறி சாதி. ஆகவே எந்த நெறி காக்கத்தக்கது, தண்டனையின் எல்லை யாது, அதனை விதிக்கும் உரிமை யாருக்கு என்பவை சட்டமும் அறவியலும் அரசியலும் விடை காண வேண்டிய கேள்விகள் ஆகும்.

இவற்றையும் பார்க்க

* ஆட்டக் கோட்பாடு
* பொதுநிலத்தின் அவலம்
* நடத்தைப் பொருளியல்
* நொய்யல் ஆறு
* ஒரத்துப்பாளையம் அணை
* திருப்பூர்